பூகம்பத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

வேலை நிமித்தமாக ஊர் ஊராக மாற்றலாகிப் போவதில் ஒரு லாபம் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரே வரியாகப் படித்து மறந்துபோன விஷயம், திடீரென்று நம் எதிரே செங்கல்லும் காரையுமாக வந்து நிற்கும். எனக்கு அப்படி வந்து நின்றது ராஜ்நகர்.

வடக்கு பிஹாரில் தர்பங்காவிலிருந்து ஜெய்நகர் போகும் ரயிலில் ஏறினால், மதுபனிக்கு அடுத்து வரும் சிற்றூர். தர்பங்கா மகாராஜா ராமேஷ்வர் சிங் ஆசை ஆசையாகக் கட்டிய அரண்மனை வளாகம் அங்கே இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட, கிடக்கிறது என்பதுதான் சரி. கூரை இல்லாத கூடங்கள், பாதியில் நிற்கும் படிக்கட்டுகள், சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த மரங்கள். 1934 ஜனவரி 15 மதியம் நடந்த பூகம்பத்தின் மிச்சம்.

நான் தர்பங்கா கிளையில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளைக் காவலாளி என்னை அங்கே அழைத்துப் போனார். நல்ல மனிதர், ஊர்க் கதை எல்லாம் விரல்நுனியில். அரண்மனையைச் சுற்றிக் காட்டிவிட்டு, அருகில் பளிங்கில் பளீரென்று நிற்கும் காளி கோயிலுக்குக் கூட்டிப் போனார். "பார்த்தீர்களா சாஹப்? ராஜாவின் வீடு விழுந்தது. அம்மாவின் வீடு நிற்கிறது" என்றார்.

நானும் தலையாட்டினேன். கும்பிட்டேன். ஊரில் மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவன், எந்த ஊர் அம்மன் என்றாலும் கை தானாகக் குவிந்துவிடும். ஆனால் அதே மதியத்தில் நேபாளத்து பக்தபூரில் கோயில்கள் விழுந்தன என்பதை எப்போதோ படித்திருந்தேன். அந்த அம்மன்கள் மட்டும் என்ன குறைந்தவர்கள்? கேட்கவில்லை. அவருடைய சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் 2015 ஏப்ரல் 25 வந்தது. சனிக்கிழமை, முற்பகல் 11.41. கிளையில் கூட்டம். தரை ஊஞ்சல் மாதிரி ஆடியது. கேஷியர் பணப்பெட்டியைப் பூட்டிவிட்டு ஓடினார். நான், மேனேஜர், பேனா மூடியைக்கூடப் போடாமல் ஓடினேன்! நேபாளத்தில் 7.8 அளவு பூகம்பம். அங்கே கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். பிஹாரிலும் உயிர்கள் போயின.

தெருவில் நின்றுகொண்டிருந்தபோது காரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். முந்தைய நவம்பரில் நேபாளத்து கடிமாயி கோயிலில் ஆயிரக்கணக்கான எருமைகளைப் பலி கொடுத்தார்களே, அந்தப் பாவம் என்றார் ஒருவர். பலியை நிறுத்தச் சொல்லிப் போராட்டம் நடத்தினார்களே, அந்தக் கோபம்தான் இது என்றார் பக்கத்தில் நின்றவர். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. இரண்டுமே பொருத்தமாகத்தான் இருந்தது அவர்களுக்கு.

அந்த வாரம்தான் 1934-ஐத் தேடித் தேடிப் படித்தேன். படித்த பிறகு தெரிந்தது, தெருவில் நான் கேட்டதற்கு முன்னோடியாக ஒரு பெரிய விவாதம் நடந்திருக்கிறது. நடத்தியவர்கள் காந்தியும் தாகூரும். தொடங்கிய இடம் பிஹார்கூட இல்லை. நம்ம திருநெல்வேலி!

நான் படித்தது பி.காம். நிலவியலும் தத்துவமும் எனக்கு எட்டாத தூரம். தெரிந்ததைத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

1934 ஜனவரி 15

மதியம் இரண்டே கால் மணி வாக்கில் நடந்தது. அளவு 8-க்குக் குறையாது என்கிறார்கள். மையம் கிழக்கு நேபாளம், எவரெஸ்ட் சிகரத்துக்குத் தெற்கே. அரசுக் கணக்கின்படி பிஹாரில் 7,253 பேரும், நேபாளத்தில் 8,519 பேரும் இறந்தார்கள். முங்கேர் நகரம் ஏறக்குறையத் தரைமட்டம். முசாபர்பூர், தர்பங்கா, சீதாமடி, மோதிஹாரி எல்லாம் சின்னாபின்னம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சம்பாரண் முதல் பூர்ணியா வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளத்துக்கு பூமி குழைந்துபோனது. தரை பிளந்து, அடியிலிருந்து தண்ணீரும் மணலும் ஊற்றாகப் பீய்ச்சி அடித்தன. வயல்கள் மணல்மேடாயின. கிணறுகள் தூர்ந்தன. கட்டிடங்கள் இடிவதற்குப் பதிலாகச் சாய்ந்தன, புதைந்தன. கங்கைச் சமவெளியின் ஈர மணல், குலுக்கலில் கூழ் மாதிரி ஆகிவிடுகிறது என்று இன்று நிலவியலாளர்கள் விளக்குகிறார்கள். அன்று கண்ணால் பார்த்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? பூமாதேவி வாய் திறந்தாள் என்று நினைத்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

மதிய வேளையாக இருந்ததால் நிறையப் பேர் வீட்டுக்கு வெளியே, வயலில் இருந்தார்கள். தப்பித்தார்கள். இரவாக இருந்திருந்தால் சாவு இன்னும் பல மடங்காக இருந்திருக்கும்.

திருநெல்வேலியில் ஒரு பேச்சு

அந்தச் சமயம் காந்தி தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுவதும் பயணம் செய்துகொண்டிருந்தார். 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கி அடுத்த ஆண்டு கோடை வரைக்கும் நீண்ட பயணம். 1934 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வந்தவர், 24-ஆம் தேதி திருநெல்வேலியில் பேசினார். பிஹாருக்கு உதவி கேட்டார். கூடவே ஒன்று சொன்னார். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நாம் செய்த பெரும் பாவத்துக்கு ஆண்டவன் கொடுத்த தண்டனை இந்தப் பூகம்பம் என்று தாம் நம்புவதாகவும், கேட்பவர்களும் அப்படி நம்ப வேண்டும் என்றும் சொன்னார். இதை மூடநம்பிக்கை என்று சிலர் சொல்வார்கள் என்பது அவருக்கே தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

இதைப் படித்தவுடன் நமக்கு "என்னய்யா இது?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் திரும்பப் படித்தபோது ஒன்று கவனித்தேன். வழக்கமாக, அடிபட்டவனைப் பார்த்து "நீ செய்த பாவம், அனுபவி" என்பார்கள். காந்தி அப்படிச் சொல்லவில்லை. நாம் செய்த பாவத்துக்கு அவர்கள் அடிபட்டிருக்கிறார்கள் என்றார். தாமிரபரணிக் கரையில் நின்றவனுக்கு முங்கேர் எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்காது. அவனிடம், அந்தச் சாவில் உனக்கும் பங்கு உண்டு, ஆகவே கொடு, ஆகவே பக்கத்துத் தெருக்காரனைத் தொடு என்றார். குற்றத்தை அடுத்தவன் தலையில் கட்டாமல் தன் தலையில் ஏற்றிக்கொண்ட நம்பிக்கை அது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு காந்தியைக் கிண்டல் செய்வது சுலபம்.

சாந்திநிகேதனிலிருந்து ஒரு கடிதம்

தாகூருக்குப் பத்திரிகை வழியாகச் செய்தி போயிற்று. அவருக்குத் தாங்கவில்லை. ஆனால் அவர் செய்த முதல் காரியத்தைப் பாருங்கள். ஜனவரி 28-ஆம் தேதி காந்திக்கே கடிதம் எழுதினார். நீங்கள் இப்படிப் பேசியதாகப் பத்திரிகையில் வந்திருக்கிறது. உண்மையிலேயே இதுதான் உங்கள் கருத்து என்றால் மறுப்பு இல்லாமல் விடக்கூடாது. என் மறுப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். செய்தி சரிதான் என்றால் நீங்களே பத்திரிகைக்கு அனுப்பிவிடுங்கள். உறுதியாகாத செய்தியை வைத்து உங்களை விமர்சிக்கமாட்டேன் என்கிற பொருளில் எழுதினார்.

காந்தியும் அதை மேசைக்குள் போட்டு மூடவில்லை. பிப்ரவரி 16-ஆம் தேதி தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே தாகூரின் மறுப்பை முழுதாக வெளியிட்டார். அதே இதழில் தம் பதிலையும் எழுதினார். இரண்டு பேருக்கும் இடையே இருந்த மரியாதை அப்படி. 1932-ல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதத்தை முடித்தபோது பக்கத்தில் இருந்து பாடியவர் தாகூர். தீண்டாமை விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம்.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். இது ஆத்திகன், நாத்திகன் சண்டை இல்லை. தாகூர் பிரம்ம சமாஜத்துக் குடும்பம். தந்தை தேவேந்திரநாத் அந்தச் சமாஜத்தின் தலைவர்களில் ஒருவர். கீதாஞ்சலி முழுக்க இறைவனோடு பேச்சுதான். ஆக, கடவுள் உண்டா இல்லையா என்பதில் இவர்களுக்குள் தகராறு இல்லை. கடவுளை எங்கே கூப்பிடலாம், எங்கே கூப்பிடக் கூடாது என்பதில்தான் தகராறு.

தாகூர் சொன்னதன் சாரம் இது. இயற்கைப் பேரழிவுக்குக் காரணம் இயற்கையின் பொருள்களிலும் விசைகளிலும் மட்டுமே இருக்கும். அதில் நம்முடைய ஒழுக்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், கடவுளை விட மனிதனே நல்லவன் என்று ஆகிவிடும். ஏனென்றால் நல்லொழுக்கம் கற்பிப்பதற்காகக் குழந்தைகளையும் ஏழைகளையும், தாழ்த்தப்பட்டவர்களையும் சேர்த்தே கொல்லும் ஆசிரியரை எந்த மனிதச் சட்டமும் மன்னிக்காது. மேலும், இதே வாதத்தை எதிர்ப்பக்கம் எடுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பிய காந்தியால்தான் பூகம்பம் வந்தது என்று வைதீகர்கள் சொன்னால்? நம் பாவம் எவ்வளவு பெரிதானாலும், படைப்பையே இடித்துத் தள்ளும் பலம் அதற்குக் கிடையாது. நாட்டு மக்களைப் பயத்திலிருந்து விடுவித்த காந்தியின் வாயிலிருந்தே இப்படி ஒரு வார்த்தை வந்ததுதான் தமக்கு மிகவும் வருத்தம் என்று முடித்தார்.

காந்தியின் பதிலும் லேசானதல்ல. ஆண்டவனின் விதிகள் எல்லாம் நமக்குத் தெரியாது. மிகப் பெரிய விஞ்ஞானியின் அறிவும் தூசு அளவுதான் என்றார். தீண்டாமைக்கும் பூகம்பத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கத் தம்மால் முடியாது, உள்ளுணர்வாக உணர்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஒருவேளை இந்த நம்பிக்கை தவறாக இருந்தாலும், அது தமக்கும் தம்மோடு நம்புகிறவர்களுக்கும் நன்மையே செய்திருக்கும் என்றார். எதிராளியைத் தண்டிக்க இந்த நம்பிக்கையைப் பயன்படுத்தினால்தான் அது இழிந்த மூடநம்பிக்கை ஆகும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

சஸ்பென்ஸ் கணக்கு

இனி என் தொழில் பாஷையில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் சில சமயம் ஒரு தொகை வந்து நிற்கும். யாருடையது, எதற்காக என்று தெரியாது. என்ன செய்வோம்? சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். தேடுவோம். கண்டுபிடித்த பிறகு உரிய கணக்குக்கு மாற்றுவோம். மாலையில் புத்தகத்தை மூட வேண்டுமே என்று, கண்ணில் பட்ட கணக்கில் வரவு வைத்துவிட்டால் அன்றைக்கு டேலி ஆகிவிடும். நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தப் பதிவு பொய். பின்னால் யாரோ ஒருவர் கழுத்தில் அது விழும்.

1934-ல் பூகம்பத்தின் முழுக் காரணம் விஞ்ஞானிகளுக்கே தெரியாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பாறைகள் வளைந்து வளைந்து தாங்க முடியாமல் உடைந்து துள்ளும்போது பூமி நடுங்குகிறது என்பது 1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்துக்குப் பிறகு தெரிந்தது. ஆனால் பாறைகளை அப்படி வளைப்பது எது? கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் 1912-லேயே சொல்லியிருந்தார். பெரும்பாலான நிலவியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டது 1960-களில்தான். அதைப் பார்க்க தாகூரும் இல்லை, காந்தியும் இல்லை.

ஆக, தாகூர் கையில் பதில் இருக்கவில்லை. பதில் எந்தப் பேரேட்டில் இருக்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. தெரியாத தொகையைத் தெரியாத தொகையாகவே வைத்திரு, பாவக் கணக்கில் எழுதாதே என்றார். காந்தியோ, விஞ்ஞானிக்கும் தெரியாதே என்று சுட்டிக்காட்டி, தமக்கு உள்ளுணர்வு சொன்ன கணக்கில் எழுதிவிட்டார். 'தெரியாது' என்ற ஒரே வார்த்தையைத்தான் இரண்டு பேரும் கையாண்டார்கள். ஒருவர் அதைத் தேடலின் தொடக்கமாக வைத்தார். மற்றவர் அதை நம்பிக்கைக்கு இடமாக வைத்தார்.

சஸ்பென்ஸில் இருந்த அந்தப் பதிவு எப்போது தீர்ந்தது தெரியுமா? இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவின் அடியில் முட்டிக்கொண்டு போகிறது. நேபாள இமயத்தில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நெருக்கம். நூறு ஆண்டுக்கு 2 மீட்டர். மாதாமாதம் கட்டும் ரெக்கரிங் டெபாசிட் போல அது பாறையில் சேர்ந்துகொண்டே போகிறது. முதிர்வு நாள் மட்டும் பாஸ்புத்தகத்தில் எழுதியிருக்காது. 1934-ல் தரை எந்தக் கோட்டில் கிழிந்தது என்பதை நேபாள, பிரெஞ்சு, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இமயத்தின் அடிவாரத்தில் குழி தோண்டிப் பார்த்து 2013-ல்தான் சொன்னார்கள். அதே கோடு 1255-லும் கிழிந்திருக்கிறது என்றும் கண்டார்கள். அந்த 1255 பூகம்பத்தில்தான் நேபாள மன்னர் அபய மல்லர் இறந்தார். எழுபத்தொன்பது ஆண்டு காத்திருந்து ஒரு பதிவு சரியான கணக்குக்கு மாறியது. ஆடிட்டர்கள் மயக்கம் போட்டு விழுவார்கள். ஆனால் சரியான கணக்கு.

எல்லோருக்கும் பொதுவான சாட்சி

தாகூர் பயந்தது வெறும் கற்பனை இல்லை. நேரு தம் சுயசரிதையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். காந்தியின் பேச்சு அவருக்குப் பெரும் அதிர்ச்சி. பாவம் என்றே வைத்துக்கொண்டாலும் எந்தப் பாவத்துக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். பூகம்பத்தால் பணத்தில் பெரிய நஷ்டம் அடைந்தவர்களில் தர்பங்கா மகாராஜாவும் ஒருவர். அப்படியானால் ஜமீன்தாரி முறைக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லலாமே? வடக்கு பிஹார் சுதந்திரப் போராட்டத்தில் முன்னால் நின்ற பகுதி. சட்டமறுப்புக்குக் கிடைத்த தண்டனை என்று வெள்ளைக்கார அரசாங்கமும் சொல்லலாமே? தெற்கத்திக்காரர்களின் தீண்டாமைக்கு பிஹார்க்காரன் ஏன் சாக வேண்டும்? கடைசிக் கேள்வி நம்மைப் பார்த்து. வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அதாவது, இயற்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டால், அந்தச் சாட்சியை யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். அது யார் பக்கமும் பேசும், ஏனென்றால் அதற்குப் பேசத் தெரியாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் ஊரில் ஆளாளுக்கு ஒரு பாவத்தைச் சொன்னது நினைவிருக்கிறதா? 2013 ஜூனில் கேதார்நாத் வெள்ளம் வந்தபோது, தாரிதேவி சிலையை இடம் மாற்றியதுதான் காரணம் என்றார்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, சபரிமலையில் பெண்களை அனுமதிக்கக் கோரும் வழக்கோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. தீண்டாமைக்கு எதிராக காந்தி எடுத்த அதே வாள், கோயிலுக்குள் நுழைவதற்கு எதிராகத் திரும்பியிருக்கிறது பாருங்கள். வாள் அதேதான். பிடித்த கைதான் வேறு.

இன்னொரு கணக்கும் பார்த்தேன். 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. காந்தியின் கணக்குப்படி பூமி கொஞ்சம் சாந்தமாகியிருக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி அசாம் பக்கம் 8.6 அளவில் பூகம்பம் வந்தது. 1934-ஐ விடப் பெரியது. பூமிக்கு நம் சட்டப் புத்தகம் படிக்கத் தெரியாது.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு நிம்மதியும் வருகிறது. தீண்டாமை தவறு என்பதற்குப் பூகம்பத்தின் சாட்சி எதற்கு? முங்கேர் இடியாமல் முழுசாக நின்றிருந்தாலும் அது தவறுதானே? பூகம்பம் வந்ததால் பாவம் என்றால், பூகம்பம் வராத ஆண்டுகளில் அது பாவம் இல்லை என்று ஆகாதா? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துப் போனாரே, அதற்குப் பின்னால் எந்த நில அதிர்வும் இல்லை. மனிதர்களின் மனசாட்சியும் துணிச்சலும் இருந்தன. அவை போதும். அவைதான் வேண்டும்.

மூன்றாவது மனிதர்

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் இன்னொருவர். தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்கியல் படித்தவர், ஜே.சி. குமரப்பா. பூகம்பம் நடந்த இரண்டு நாளில் சிறையிலிருந்து விடுதலையான ராஜேந்திர பிரசாத், பிஹார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்தார். நாடு முழுவதிலிருந்தும் பணம் குவிந்தது. அந்தப் பணத்துக்கு நிதி ஆலோசகராக வந்தவர் நம்ம குமரப்பா. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு இத்தனை அணா என்று வரம்பு வைத்தாராம். காந்தி வந்தபோது, அவரோடு வந்த குழுவின் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டாராம். இடிந்த வீட்டுக்காரனுக்கு வந்த காசு, மகாத்மாவே ஆனாலும் தொடக்கூடாது!

குமரப்பா கடவுள் நம்பிக்கை உள்ள கிறிஸ்தவர். பூகம்பம் ஏன் வந்தது என்று அவர் விவாதம் செய்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. வந்த பணத்தை ரூபாய், அணா, பைசாவாகச் சரியாக எழுதினார். அந்த இரண்டு மேதைகளின் விவாதத்துக்கு நடுவே இந்த மனிதரின் ரசீதுப் புத்தகம் எனக்கு ஒரு பதிலாகவே தெரிகிறது.

காந்தியையும் இதில் சேர்க்கத்தான் வேண்டும். 1755-ல் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் அழிந்தபோது மலாக்ரிடா என்ற பாதிரியார், இதற்கு இயற்கைக் காரணம் தேடுவதே தவறு, மனம் திருந்துவதே வேலை என்று எழுதினார். காந்தி அப்படிச் சொல்லவில்லை. மார்ச்சில் பிஹாருக்கு வந்தார், ஊர் ஊராகப் போனார், உழைத்து உதவி பெறுங்கள் என்றார். ஏப்ரல் கடைசியில் ஜசீடியில் வைதீகர்கள் அவர் காரைக் கல்லாலும் கம்பாலும் தாக்கினார்கள். அப்படியும் பயணத்தை நிறுத்தவில்லை. காரணத்தைத் தவறான கணக்கில் எழுதினார். கடமையைச் சரியான கணக்கில் எழுதினார். மனிதர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்பவர்கள்.

லிஸ்பனில் இன்னொன்றும் நடந்தது. பொம்பால் என்ற அமைச்சர் ஒவ்வொரு ஊர்ப் பங்குக்கும் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். எத்தனை நிமிடம் ஆடியது? எத்தனை முறை? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? எத்தனை வீடு? எத்தனை பேர்? யார் பாவம் செய்தார்கள் என்ற கேள்வி அதில் இல்லை. பூகம்ப ஆராய்ச்சிக்கு அதுவே ஒரு தொடக்கம் என்கிறார்கள். கேள்வி சரியாக இருந்தால் பதில் 250 ஆண்டு கழித்தாவது வரும்.

பூமி பூஜையும் லிண்டல் பேண்டும்

தர்பங்காவும் மதுபனியும் 2002-ஆம் ஆண்டு நிலநடுக்க வரைபடத்தில் ஐந்தாம் மண்டலம், அதாவது அந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது. வீட்டுக் கடன் கேட்டு வருபவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். "சுவரைச் சுற்றி லிண்டல் மட்டத்தில் கம்பி போட்டு கான்கிரீட் பட்டை ஓட்டுகிறீர்களா?" செங்கல் வீட்டைப் பெட்டி மாதிரிச் சேர்த்துக் கட்டிப் பிடிப்பது அதுதான். மொத்தச் செலவில் சின்னத் தொகை.

ஒருமுறை ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். எஸ்டிமேட்டில் பட்டை இல்லை. கேட்டேன். "விதி இருந்தால் எந்தப் பட்டை காப்பாற்றும் சாஹப்?" என்றார். அவருடைய தாத்தா 1934-ல் இறந்தவராம், சுவர் விழுந்து.

எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், விதி, சாபம் என்று சொல்லிவிட்டால் ஒரு வகையில் மனசு ஆறிவிடும். தாத்தா ஏன் செத்தார் என்ற கேள்விக்கு ஏதோ ஒரு பதில். "மண்ணும் செங்கல்லும் சேர்ந்து நிற்கவில்லை, அதனால்" என்று சொன்னால் அதில் ஆறுதலே இல்லை. விஞ்ஞானத்தின் பலவீனம் அதுதான் என்று தோன்றுகிறது. அது காரணம் சொல்லும், கையைப் பிடிக்காது. கையைப் பிடிக்க வேண்டியது நாம்தான். அல்லது, நம்புகிறவர்களுக்கு, அந்தக் காளியம்மா.

"பூமி பூஜை செய்வீர்கள் இல்லையா?" என்று கேட்டேன். பண்டிதரிடம் நாளே குறித்துவிட்டேன் என்றார். "பூஜை உங்களுக்கு. பட்டை சுவருக்கு. சுவருக்கு மந்திரம் புரியாது மாஸ்டர்ஜி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். மறுவாரம் திருத்திய எஸ்டிமேட் வந்தது. கடைசிக்கு முந்தைய வரியில் பட்டைக்கான கம்பிச் செலவு எழுதியிருந்தது. அதற்குக் கீழே, பூஜைச் செலவு என்று தனியாக ஒரு வரி!

பூஜைக்கு வங்கி கடன் தர முடியாது என்று அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, மற்றதுக்குக் கையெழுத்துப் போட்டேன்.